சங்கீதங்களில் வரும் சத்துரு யார்? சாபப் பாடல்களையும் நம்பிக்கைப் பாடல்களையும் சேர்த்து வாசிப்பது குறித்து

ஆதிரை எழுதியது:

எபிரேய வேதத்தின் வழிபாட்டுப் பாடல்களான சங்கீதங்களை முதலிலிருந்து வரிசையாக வாசித்து வருகிறேன். வழிபாட்டில் கேட்டுப் பழகிய ஆறுதல் வரிகளை எதிர்பார்த்துத்தான் தொடங்கினேன். ஆனால் 1 முதல் 72 வரையிலான பாடல்களில் சத்துரு தலைகாட்டாத ஒன்றைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மேய்ப்பனைப் பாடும் 23 ஆம் சங்கீதத்தில்கூடப் பந்தி ஆயத்தப்படுத்தப்படுவது சத்துருக்களின் கண்ணெதிரே என்பதை இந்த முறைதான் கவனித்தேன்.

இரண்டு கேள்விகள் எனக்கு உள்ளன. முதலாவது, இந்தச் சத்துரு யார்? சிங்கம், நாய், பாசானின் எருது, வலை விரிக்கும் வேடன் என்று பல உருவங்களில் வருகிறான். பெயரோ ஊரோ பெரும்பாலும் இல்லை. இரண்டாவது, ‘கர்த்தர் என் வெளிச்சம்’ என்று பாடிய அதே தொகுப்பில் சத்துருவின் பற்களைத் தகர்க்கும்படியும், அவன் பிள்ளைகள் பிச்சையெடுக்கும்படியும் வேண்டுகிற பாடல்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன? இரண்டையும் வெவ்வேறு மனநிலைகள் என்று பிரித்துவிடுவது எளிது. பிரிக்காமல் வாசிக்க வழி உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தேரிக்காட்டான் எழுதியது:

முதல் கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் அறிஞர்கள் சொன்ன விடைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவை ஒன்றையொன்று மறுப்பவை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

மரபான விடை, பாடுகிறவன் இஸ்ரயேலின் அரசன் தாவீது, துரத்துகிறவன் அவனுக்கு முந்திய அரசன் சவுல் அல்லது தாவீதின் சொந்த மகன் அப்சலோம் என்பது. பதின்மூன்று சங்கீதங்களின் தலைப்புகள் தாவீதின் வாழ்க்கைச் சம்பவங்களைக் குறிப்பிடுகின்றன. 57 ஆம் சங்கீதத்துக்குக் குகை, 59 ஆம் சங்கீதத்துக்குச் சவுல் ஆள் அனுப்பி வீட்டைக் காவல் காத்த இரவு, 3 ஆம் சங்கீதத்துக்கு அப்சலோமின் கலகம். இத்தலைப்புகள் பாடலுக்குப் பிந்தியவை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எபிரேயத்தில் தலைப்பே இல்லாத சில பாடல்களுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பு தாவீதின் பெயரைச் சேர்த்திருப்பதைப் பார்க்கும்போது, பெயரில்லாத சத்துருவுக்கு ஒரு வரலாற்று முகம் கொடுக்கும் ஆசை காலந்தோறும் வளர்ந்தது தெரிகிறது.

நார்வே நாட்டு அறிஞர் சிக்முண்ட் மோவின்கெல், ‘அக்கிரமக்காரர்’ என்று இப்பாடல்கள் அழைப்பவர்கள் மந்திரவாதிகள் என்றும், நோயாளி ஒருவன் தனக்குச் செய்வினை வைத்தவர்களுக்கு எதிராகப் பாடுவதே இப்பாடல்கள் என்றும் 1921 இல் வாதிட்டார். பின்னாளில் அந்தக் கருத்தை அவரே தளர்த்திக்கொண்டார். 1928 இல் ஹான்ஸ் ஷ்மிட், பொய்க் குற்றம் சுமத்தப்பட்டவன் ஆலயத்தில் நின்று தீர்ப்புக் கேட்கும் விண்ணப்பங்கள் இவை என்றார். 1933 இல் ஹாரிஸ் பிர்கெலாண்ட், சத்துருக்கள் அனைவரும் அந்நிய நாட்டுப் படைகளே, பாடுகிறவன் அரசனே என்றார். ஒவ்வொருவரும் தம் கோட்பாட்டுக்கு ஏற்ற சில பாடல்களை நன்றாகவே விளக்குகிறார்கள். எல்லாப் பாடல்களுக்கும் அதையே பூட்டப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. 41 ஆம் சங்கீதத்தில் நோயாளியைப் பார்க்க வந்து, ‘இவன் எப்போது சாவான், இவன் பெயர் எப்போது அழியும்’ என்று எண்ணிவிட்டு வெளியே போய்ப் பேசுகிறவன் அந்நியப் படைவீரன் அல்லன், பக்கத்து வீட்டுக்காரன். 83 ஆம் சங்கீதமோ ஏதோம், மோவாப், அம்மோன், அமலேக்கு, பெலிஸ்தியா, தீரு, அசூர் என்று பத்துப் பெயர்களை அடுக்குகிறது. அந்தப் பத்தும் ஒன்றுசேர்ந்து யூதாவைத் தாக்கியதாக வரலாற்றில் எந்தச் சான்றும் இல்லை. பழம்பகைகள் அனைத்தையும் ஒரே வளையத்தில் நிறுத்திக் காட்டும் கவிதை அது.

என் முடிவு, சத்துரு என்பது வேண்டுமென்றே காலியாக விடப்பட்ட இடம் என்பதுதான். 108 ஆம் சங்கீதம் அதற்கு நல்ல சான்று. அது 57 ஆம் சங்கீதத்தின் பிற்பகுதியையும் 60 ஆம் சங்கீதத்தின் பிற்பகுதியையும் ஒட்டிச் செய்யப்பட்டது. குகையில் தனியனாகச் சிங்கங்களுக்கு நடுவே கிடந்தவனின் துதி, சிங்கங்களை விட்டுவிட்டு வந்து, ஏதோமோடு போரிடும் ஒரு தேசத்தின் பாடலுக்கு முன்னுரையாகிறது. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களில் உள்ள நன்றிப் பாடல்களும் இதே சிங்கப் பற்களையும் வலைகளையும் எடுத்துக்கொண்டு, சக யூதர்களாகிய தங்கள் எதிர்த்தரப்பினர் மேல் அவற்றைப் பாய்ச்சுகின்றன.

மறைநூல் வாசகன் எழுதியது:

தேரிக்காட்டார் சொல்லும் காலியிடக் கருத்தை ஏற்கிறேன். ஆனால் அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றாலும், அங்கே நிற்கிறவன் செய்கிற வேலை மாறுவதில்லை. அவன் பேசுகிறான். சங்கீதங்களின் சத்துரு வாளெடுத்து வெட்டியதைவிட வாய் திறந்து சொன்னதே அதிகம். அவன் சொன்னதைக் கவிஞர் மேற்கோளாகவே பதிவு செய்கிறார். என் பார்வையில் ஆதிரை அவர்களின் இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த மேற்கோள்களில்தான் இருக்கிறது.

3 ஆம் சங்கீதத்தில் சத்துருக்கள் பெருகிவிட்டார்கள் என்று முறையிடும் கவிஞர், அவர்கள் செய்த கொடுமை எதையும் சொல்வதில்லை. அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்கிறார்: ‘தேவனிடத்தில் அவனுக்கு இரட்சிப்பு இல்லை.’ 42 ஆம் சங்கீதத்தில் நாள்தோறும் கேட்கும் குரல், ‘உன் தேவன் எங்கே?’ 71 ஆம் சங்கீதத்தில் அது துரத்துவதற்கான காரணமாகவே ஆகிவிடுகிறது: ‘தேவன் அவனைக் கைவிட்டார், அவனைத் தொடர்ந்து பிடியுங்கள்.’ 10 ஆம் சங்கீதத்தின் துன்மார்க்கன் ஏழையை நசுக்கிக்கொண்டே தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்வது, ‘தேவன் அதை மறந்தார், அவர் தம்முடைய முகத்தை மறைத்தார்.’

இப்போது இந்த வாக்கியங்களை வைத்துக்கொண்டு கவிஞர்கள் தங்கள் சொந்த வாயால் சொல்வதைப் பாருங்கள். 13 ஆம் சங்கீதம் தொடங்குவதே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர் என்றுதான். மறந்தார், முகத்தை மறைத்தார் என்ற அதே இரண்டு குற்றச்சாட்டுகளை இங்கே சொல்பவன் துன்மார்க்கன் அல்லன், பக்தன். ‘கைவிட்டார்’ என்பது 71 இல் சத்துருவின் வாக்கு. ‘என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பது 22 இல் பாடுகிறவனின் முதல் வரி. 42 ஆம் சங்கீதத்திலோ இரண்டும் ஒரே பாடலுக்குள் வருகின்றன: ‘உன் தேவன் எங்கே’ என்று அவர்கள் கேட்கிறார்கள், ‘ஏன் என்னை மறந்தீர்’ என்று இவன் கேட்கிறான்.

ஆகவே சத்துரு வெளியிலிருந்து கொண்டுவருவது ஒரு புதிய கருத்தை அன்று. பக்தன் இரவில் தனக்குள் நினைத்து அஞ்சுவதைப் பகலில் தெருவில் உரக்கச் சொல்கிறான். எலும்புகளை ஊடுருவுகிற வாள்போல் அந்த வார்த்தை குத்துவதற்குக் காரணம் அது உண்மையாக இருந்துவிடுமோ என்ற அச்சமே. நம்பிக்கை என்பது இந்தப் பாடல்களில் ஐயமே இல்லாத நிலையாக இருப்பதில்லை. சத்துரு கடவுளைப் பற்றி மூன்றாம் ஆளிடம் முடிவாகச் சொன்னதைப் பக்தன் கடவுளின் முகத்தை நோக்கியே கேள்வியாகத் திருப்புகிறான். வாக்கியத்தின் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

விலங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் வாய்களாகவே வருகின்றன. 22 இல் பாசானின் எருதுகளே பீறிக் கெர்ச்சிக்கிற சிங்கத்தைப்போல வாயைத் திறக்கின்றன; 57 இல் பற்கள் ஈட்டியும் அம்பும், நாவு கூரிய வாள்; 59 இல் மாலைதோறும் நகரைச் சுற்றி ஊளையிடும் நாய்களின் உதடுகளில் வாள்கள்; 140 இல் பாம்பைப் போலக் கூர்மையாக்கப்பட்ட நாவு. பற்களைத் தகர்த்துவிடும் என்ற வேண்டுதல் நமக்குக் கொடூரமாகக் கேட்கிறது, கொடூரம்தான். ஆனால் அது உடலின் எந்த இடத்தைக் குறிவைக்கிறது என்பது தற்செயல் அல்ல.

ஆதிரை எழுதியது:

10 ஆம் சங்கீதத்தையும் 13 ஆம் சங்கீதத்தையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்த்தேன். அந்த ஒற்றுமை மறுக்க முடியாததாக இருக்கிறது. ஆயினும் ஒரு தயக்கம் உண்டு. வெறும் பேச்சுக்கு இவ்வளவு பெரிய சாபமா? ஒருவன் ஏளனமாகப் பேசினான் என்பதற்காக அவன் மனைவி விதவையாக வேண்டும் என்று 109 ஆம் சங்கீதம் கேட்பது, குற்றத்துக்கும் தண்டனைக்கும் சற்றும் பொருந்தாததாகத் தோன்றுகிறது.

தேரிக்காட்டான் எழுதியது:

அந்தச் சமூகத்தில் பேச்சு ‘வெறும் பேச்சு’ அன்று என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ஊர் வாசலில் மூப்பர் கூடித் தீர்ப்புச் சொல்லும் முறையில் சாட்சியின் வாய்ச்சொல்லே வழக்கைத் தீர்மானிப்பது. 1 இராஜாக்கள் 21 ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க அரசி யேசபேலுக்குப் படை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பொய்ச்சாட்சிகளை உட்காரவைத்து, ‘நாபோத் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான்’ என்று சொல்லவைத்தாள். அவன் கல்லெறிந்து கொல்லப்பட்டான். நிலம் அரசனுக்குப் போயிற்று. 27 ஆம் சங்கீதத்திலும் 35 ஆம் சங்கீதத்திலும் எழும்பும் பொய்ச்சாட்சிகளை இந்தப் பின்னணியில் வாசித்தால், நாவைக் கூரிய வாள் என்பது உவமை என்ற நிலையிலிருந்து ஏறக்குறைய நடப்புச் செய்தியாகிவிடும்.

109 ஆம் சங்கீதத்தின் சாபத்துக்கும் ஒரு சட்ட அடிப்படை இருக்கிறது. உபாகமம் 19 ஆம் அதிகாரம், பொய்ச்சாட்சி சொன்னவன் தன் சகோதரனுக்கு என்ன நேர வேண்டும் என்று நினைத்தானோ அதையே அவனுக்குச் செய்ய வேண்டும் என்கிறது. ஒருவனைச் சாகடித்து, அவன் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தி, சொத்தைப் பறிக்க எண்ணிய பொய்ச்சாட்சிக்கு அந்தச் சட்டப்படி வர வேண்டியது எதுவோ, அதைத்தான் பாடல் வரிவரியாக விரிக்கிறது. அந்தப் பாடலில் குற்றம் சாட்டுகிறவனை வலதுபுறத்தில் நிறுத்துவதும், தீர்ப்பில் அவன் குற்றவாளியாக வெளியேறுவதும் நீதிமன்றக் காட்சிகளே. இறுதி வரியில் ஏழையின் வலதுபுறத்தில் கடவுளே வந்து நிற்கிறார்.

அருள்மொழி எழுதியது:

நான் கத்தோலிக்க மரபைச் சேர்ந்தவள். எங்களுக்கு இவை திருப்பாடல்கள். குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலை 1971 இல் புதுப்பிக்கப்பட்டபோது 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் முழுவதுமாக நீக்கப்பட்டன. வேறு சிலவற்றிலிருந்து கடுமையான வரிகள் மட்டும் எடுக்கப்பட்டன, 137 இன் இறுதி வரிகள் உட்பட. இது எங்கள் சபைக்கு மட்டும் உரிய தயக்கம் அன்று. மெதடிஸ்டு இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1784 இல் அமெரிக்கச் சபைகளுக்காக வழிபாட்டு நூலைச் சுருக்கியபோது, கிறிஸ்தவச் சபையின் வாய்க்குத் தகாதவை என்று சொல்லிப் பல திருப்பாடல்களை விட்டுவிட்டார்.

எனக்கு இந்த நீக்கத்தில் உடன்பாடு இல்லை. கோபமே வராதவர்களுக்கான ஜெபநூலாக அதைச் சுருக்கிவிட்டால், அநீதி இழைக்கப்பட்டவர்கள் எதைக் கொண்டு ஜெபிப்பார்கள்? இந்தப் பாடல்களில் பாடுகிறவர் பழிவாங்கப் புறப்படுவதில்லை. பழியைக் கடவுளிடம் ஒப்படைக்கிறார். மெசபொத்தேமியாவின் ‘மாக்லு’ என்னும் மந்திரத் தொகுப்போடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சூனியக்காரருக்கு எதிரான ஏறக்குறைய நூறு மந்திரங்கள் அதில் உண்டு. அபு மாதக் கடைசியில் இரவு முழுவதும் சடங்கு நடத்தி, பகைவரின் உருவப் பொம்மைகளை நெருப்பிலிட்டு எரிப்பார்கள். திருப்பாடல்களில் பொம்மை இல்லை, நெருப்பு இல்லை, பகைவர்மேல் நேரடியாக வேலை செய்யும் மந்திரச்சொல்லும் இல்லை. ‘ஆண்டவரே, நீர் எழுந்தருளும்’ என்ற வேண்டுதல் மட்டுமே இருக்கிறது. அதைக் கேட்பதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

109 ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6 முதல் 19 வரையிலான சாபம் பாடுகிறவருடையதே அல்ல, அவருடைய பகைவர்கள் அவர்மேல் சொன்ன சாபத்தை அவர் கடவுளிடம் எடுத்துச் சொல்கிறார் என்று சிலர் வாசிக்கிறார்கள். முன்னும் பின்னும் ‘அவர்கள்’ என்று பன்மையில் வரும் பகைவர், அந்த வரிகளில் மட்டும் ‘அவன்’ என்று ஒருமையில் வருவதும், 28 ஆம் வசனத்தில் ‘அவர்கள் சபித்தாலும் நீர் ஆசீர்வதியும்’ என்று வருவதும் அதற்கு ஆதாரங்கள். மறைநூல் வாசகன் அவர்கள் சொல்லும் ‘சத்துருவின் மேற்கோள்’ என்ற கருத்துக்கு இது மிகப் பெரிய எடுத்துக்காட்டாகும் அல்லவா?

மறைநூல் வாசகன் எழுதியது:

ஆம் என்று சொல்ல ஆசைதான். என் வாதத்துக்கு அது இனிப்பான சான்று. ஆனால் என்னால் அதை முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. சபிக்கப்படுகிறவன் ‘சிறுமையும் எளிமையுமானவனைத் துன்பப்படுத்தினான்’ என்று 16 ஆம் வசனம் சொல்கிறது. ‘நான் சிறுமையும் எளிமையுமானவன்’ என்று 22 இல் பாடுகிறவரே தம்மை அறிமுகப்படுத்துகிறார். இரண்டையும் சேர்த்தால் சாபம் பாடுகிறவருடையது என்றே தோன்றுகிறது. மேலும், மேற்கோள்தான் என்று கொண்டாலும் நாம் தப்பிவிடுவதில்லை: 20 ஆம் வசனத்தில் என்னைச் சாடுகிறவர்களுக்கு இதுவே பலனாகட்டும் என்று அந்தச் சாபம் முழுவதையும் அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார் என்று வாசிக்கவே இடமிருக்கிறது. ஒருமை பன்மை மாற்றத்துக்கு, கூட்டத்தின் தலைவனை மட்டும் சுட்டுகிறார் என்ற விளக்கம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கடம்பன் எழுதியது:

நான் மத நம்பிக்கை உடையவன் அல்லன். கவிதைக்காக இந்நூலை வாசிக்கிறவன். மேலே உள்ள பதிவுகள் அனைத்தும் பாடுகிறவன் அநீதி இழைக்கப்பட்டவன் என்ற ஒன்றை எளிதாக எடுத்துக்கொள்கின்றன. அதைச் சொல்பவன் அவன் மட்டுமே. எதிர்த்தரப்பின் வாக்குமூலம் நம்மிடம் இல்லை. இருக்கும் மேற்கோள்களும் அவன் தேர்ந்தெடுத்தவையே.

தேரிக்காட்டார் பெருமையாகச் சொல்லும் அந்தக் காலியிடம் வரலாற்றில் என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். 59 ஆம் சங்கீதத்தில், ‘அவர்களைக் கொன்றுபோடாதேயும், என் ஜனங்கள் மறந்துபோவார்கள்; அவர்களைச் சிதறடியும்’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகுஸ்தீன் அந்த வரியில் ‘அவர்கள்’ என்பது யூதர்கள் என்று விளக்கினார். யூதர்களைக் கொல்லக்கூடாது, ஆனால் அவர்கள் சிதறிக் கிடந்து கிறிஸ்தவத்துக்குச் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது அதன்வழி அவர் கண்ட பொருள். இடைக்காலம் முழுவதும் யூதர்களின் நிலையை வரையறுத்த வாதங்களில் அதுவும் ஒன்று. யூதர்கள் பாடிய பாடலில், சத்துருவின் இடத்தில் யூதர்களே நிறுத்தப்பட்டார்கள். பெயரில்லாத சத்துரு எல்லாருக்கும் பயன்படுவான் என்பதில் இதுவும் அடங்கும்.

137 ஆம் சங்கீதத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் பேச்சுக் கோட்பாடு அந்தப் பாடலின் கடைசி வரியில் நொறுங்கிவிடுகிறது. கல்லின்மேல் மோதியடிக்கப்படும் பாபிலோனின் குழந்தைகள் யாரையும் பார்த்து ‘உன் தேவன் எங்கே’ என்று கேட்கவில்லை. அவர்களுக்குப் பேசவே தெரியாது.

மறைநூல் வாசகன் எழுதியது:

கடம்பன் அவர்களின் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அங்கே என் விளக்கத்தின் எல்லை வந்துவிடுகிறது. குழந்தைகள் என்றால் பாபிலோனிய அரச வம்சத்தின் வாரிசுகள் என்று சுருக்கி வலியைக் குறைக்கும் விளக்கங்களையும் படித்திருக்கிறேன். பாடலின் சொற்கள் அவற்றுக்கு இடம் கொடுப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த வரி வரை பாடல் எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கி.மு. 586 அளவில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை எரித்தது. பாடலின் முற்பகுதியில் சத்துரு வாள் ஏந்தி வருவதில்லை. சிறைபிடித்துக் கொண்டுபோனவர்கள், ‘சீயோனின் பாட்டுகளில் சிலதை எங்களுக்குப் பாடுங்கள்’ என்கிறார்கள். ஆலயத்தில் பாடிய துதியைக் கேளிக்கையாகக் கேட்பது, ‘உன் தேவன் எங்கே’ என்பதன் நாகரிகமான வடிவம். பிற்பகுதியில் ஏதோமியர் வருகிறார்கள், அவர்களும் ஒரு மேற்கோளோடுதான் வருகிறார்கள்: ‘அதை இடித்துப்போடுங்கள், அஸ்திபாரமட்டும் இடித்துப்போடுங்கள்.’ அதன் பிறகே, ‘நீ எங்களுக்குச் செய்தபடி உனக்குச் செய்கிறவன் பாக்கியவான்’ என்கிறது பாடல். கல்லில் மோதுவதும் கவிஞரின் கற்பனை அன்று; பண்டைப் போர்களில் நடந்ததாக 2 இராஜாக்கள், ஓசியா, நாகூம் ஆகிய நூல்கள் மூன்றும் குறிப்பிடுகின்றன. எருசலேமின் வீழ்ச்சியில் கண்ணால் கண்டதையே அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள் என்று கொள்ளலாம். இதைச் சொல்வதால் அந்த வரி நல்லதாகிவிடும் என்று நான் வாதிடவில்லை.

சிறையிருப்பின் நாள்முறை வாழ்வு பாடலிலிருந்து மாறுபட்டது என்பதும் இதில் சேர வேண்டும். பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் மகன்களுக்கும் எண்ணெய்ப் படி அளந்த கணக்கு இருக்கிறது. அவற்றில் ஒன்று கி.மு. 592 ஐச் சேர்ந்தது. 2014 இல் தொகுத்து வெளியிடப்பட்ட இன்னொரு பலகைத் தொகுதி, கி.மு. 572 முதல் 477 வரை ‘யாகூது’ என்றே பெயரிடப்பட்ட ஊரில் யூதாவினர் நிலம் உழுது, வரி கட்டி, கடன் வாங்கி, கடன் கொடுத்து வாழ்ந்ததைக் காட்டுகிறது. பாரசீக அரசன் கோரேசு கி.மு. 539 இல் பாபிலோனைப் பிடித்தபோது பாடல் கேட்ட படுகொலையும் நடக்கவில்லை. ஆயினும் நிறைவேறாத அந்தச் சாபத்தை யாரும் அழிக்கவில்லை, பாடல் நூலில் வைத்துப் பாதுகாத்தார்கள். ஆகவே அதை நிறைவேற வேண்டிய திட்டமாக அவர்கள் எண்ணினார்கள் என்று கொள்வதைவிட, மறக்கக்கூடாத வழக்கு மனுவாக எண்ணினார்கள் என்று கொள்வதே பொருந்தும்.

தேரிக்காட்டான் எழுதியது:

சத்துருவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆபத்தில் நம்பிக்கை எங்கே உச்சத்தில் சோதிக்கப்படுகிறது என்று கேட்டால் நான் 44 ஆம் சங்கீதத்தைத்தான் சொல்வேன். போரில் தோற்றுவிட்டார்கள். அண்டை நாட்டார் தலையை அசைக்கிறார்கள். ஆனால் பாடலின் வினைச்சொற்களுக்கு எழுவாய் சத்துரு அல்லன், கடவுள்: நீர் எங்களைப் பின்னிட்டுத் திரும்பப் பண்ணினீர், நீர் எங்களை ஆடுகளைப் போல இரையாக ஒப்புக்கொடுத்தீர், நீர் உம்முடைய ஜனங்களை விலையில்லாமல் விற்றீர். தோல்விக்குக் காரணம் எங்கள் பாவம் என்ற வழக்கமான விளக்கமும் இங்கே இல்லை. நாங்கள் உம்மை மறக்கவில்லை, உம்முடைய உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யவில்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். ‘உமது நிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம்’ என்ற வரிக்குப் பிறகு, ‘ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரை பண்ணுகிறீர்?’ என்ற கூக்குரல் எழுகிறது.

இந்தக் கூக்குரலுக்கு ஒரு வியப்பான பின்கதை உண்டு. பிரதான ஆசாரியரான யோவான் கிர்க்கான் (கி.மு. 134 முதல் 104 வரை) ‘எழுப்புகிறவர்களை’ நிறுத்திவிட்டார் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. ஆலயப் பாடகரான லேவியர் நாள்தோறும் மேடையில் நின்று ‘விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரை பண்ணுகிறீர்’ என்று பாடிவந்ததையே அது குறிக்கிறது என்பது மிஷ்னாவின் விரிவுரையான தால்முதின் விளக்கம். கடவுளுக்கு உறக்கம் உண்டா என்ற கேள்வி அங்கே எழுப்பப்பட்டு, இஸ்ரயேல் துன்பத்திலும் பிற மக்கள் அமைதியிலும் இருக்கும் காலத்துக்கு உரிய வரி அது என்று விடை சொல்லப்படுகிறது. வழிபாட்டில் அன்றாடம் சொல்வதை நிறுத்தினார்கள், நூலிலிருந்து நீக்கவில்லை. அருள்மொழி அவர்கள் சொன்ன 1971 ஆம் ஆண்டு முடிவுக்கு இது ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு மூத்த முன்னுதாரணம்.

அருள்மொழி எழுதியது:

முன்னுதாரணம்தான், ஆனால் நீக்கப்பட்ட வகை வேறு. அவர்கள் நிறுத்தியது கடவுளைக் கடிந்துகொள்ளும் வரியை, நாங்கள் நிறுத்தியது பகைவரைச் சபிக்கும் வரியை. எந்த வரி எந்தக் காலத்துக்குச் சங்கடம் தருகிறது என்பதே தனியாக ஆராயத்தக்கது. எங்கள் காலத்துக்குக் கடவுளோடு வாதிடுவது எளிதாகிவிட்டது போலும்.

ஆதிரை எழுதியது:

இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். 13 ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள். நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கதறியவர், கடைசியில் கர்த்தரைப் பாடுவேன் என்று முடிக்கிறார். நடுவில் எதுவுமே நடந்ததாகச் சொல்லப்படவில்லை. சத்துரு விழவில்லை, கடவுள் பேசவில்லை. இந்தத் திருப்பம் எங்கிருந்து வருகிறது?

தேரிக்காட்டான் எழுதியது:

யோவாக்கிம் பெக்ரிக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1934 இல் ஒரு விளக்கம் சொன்னார். புலம்பல் முடிந்ததும் ஆலய ஆசாரியர் ‘பயப்படாதே’ என்று கடவுளின் பெயரால் ஒரு வாக்குச் சொல்வார். அதைக் கேட்ட பிறகே துதி பாடப்பட்டது. எழுதி வைத்தபோது ஆசாரியரின் வாக்கு மட்டும் விடுபட்டது என்பது அவர் கருத்து. 12 ஆம் சங்கீதத்திலும் 60 ஆம் சங்கீதத்திலும் அப்படிப்பட்ட கடவுளின் வாக்கு பாடலுக்குள்ளேயே இருப்பதால் இது ஆதாரமற்ற ஊகம் அல்ல. ஆனால் 27 ஆம் சங்கீதம் இந்த ஒழுங்குக்கு அடங்க மறுக்கிறது. அங்கே ‘யாருக்குப் பயப்படுவேன்’ என்ற துணிவு முதலில் வருகிறது, ‘உம்முடைய முகத்தை எனக்கு மறையாதேயும்’ என்ற கெஞ்சல் பிறகு வருகிறது. இரண்டு பாடல்கள் ஒட்டப்பட்டவை என்று பலர் சொல்வார்கள். ஒட்டியவருக்கு அந்த வரிசை தவறாகப் படவில்லை என்பதே எனக்கு முக்கியம்.

மறைநூல் வாசகன் எழுதியது:

13 ஆம் சங்கீதத்தில் திருப்பம் எந்த இடத்தில் நிகழ்கிறது என்று பாருங்கள். அதற்கு முந்தைய வசனம், ‘அவனை மேற்கொண்டேன் என்று என் பகைஞன் சொல்லாதபடி’ என்பது. பாடுகிறவர் கடைசியாக அஞ்சுவது சாவைக்கூட அல்ல, தன் சாவுக்குப் பிறகு சத்துரு சொல்லப்போகும் வாக்கியத்தை. அந்த வாக்கியத்தை முன்கூட்டியே தன் வாயால் சொல்லிக் கடவுளிடம் கொடுத்துவிட்ட பிறகு, அடுத்த சொல் ‘நானோ’ என்று தொடங்குகிறது.

சத்துரு இல்லாத புலம்பல் எப்படி இருக்கும் என்பதற்கு 88 ஆம் சங்கீதத்தைக் காட்டலாம். அதில் ஏளனம் செய்கிறவர் இல்லை, மேற்கோள் இல்லை. நண்பர்களையும் கடவுளே விலக்கிவிட்டார். பாடல் இருளில் முடிகிறது, எந்தத் திருப்பமும் இல்லாமல். மறுத்துச் சொல்ல ஒரு குரல் எதிரே இல்லாதபோது நம்பிக்கைக்குப் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கவில்லை என்று நான் வாசிக்கிறேன்.

கடம்பன் எழுதியது:

அழகான வாசிப்பு, ஆனால் 130 ஆம் சங்கீதத்திலும் சத்துரு இல்லை, மேற்கோளும் இல்லை. ஆழங்களிலிருந்து கூப்பிடுகிறவர் அங்கே விடியலுக்குக் காத்திருக்கும் சாமக்காரரைவிட அதிகமாய்க் காத்திருக்கிறார், நம்பிக்கையோடு. 51 ஆம் சங்கீதமும் அப்படியே. அந்த இரண்டிலும் குற்றம் சாட்டுகிற குரல் பாடுகிறவரின் சொந்த மனச்சாட்சி என்று நீங்கள் பதில் சொல்லலாம். அப்படிச் சொன்னால் 139 ஆம் சங்கீதத்தையும் விளக்க வேண்டியிருக்கும்: உம்மைப் பகைக்கிறவர்களை நான் முழுப் பகையாய்ப் பகைக்கிறேன் என்று சொல்லி வாய் மூடுவதற்குள், என்னை ஆராய்ந்து பாரும், என்னிடத்தில் வேதனை உண்டாக்கும் வழி உண்டோ என்று பாரும் என்கிறார். அங்கே விசாரிக்கப்பட வேண்டியவன் சத்துருவா, பாடுகிறவனா என்பதில் கவிஞரே உறுதியாக இல்லை என்பது என் எண்ணம்.